எண்ணெய்க் கப்பலுக்கு அரை வரி

பெரியநாயக்கன்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், 'கடலுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?' என்று கேட்டார் ஒரு தோழர். சம்பந்தம் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது கோவையிலேயே பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு 'கப்பல்' இருந்தது. பேர் ஹெச்.எம்.எஸ். கருடா. உண்மையில் அது கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் தளம். கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் பேர் சூட்டுவது அவர்கள் மரபு. தண்ணீரையே பார்க்காத அதற்குக் கடற்படை வரலாற்றில் ஒரு இடம் உண்டு. கடலில் மூழ்கிய அதெல்ஸ்டேனுக்கோ அரை வரிதான்.

அதெல்ஸ்டேன் 1918இல் கட்டப்பட்டது, 5,571 டன். கடற்படைக்கு எண்ணெய் சுமந்த துணைக்கப்பல். இன்றைய எண்ணெய்க் கப்பல்களுக்கு முன் தோணி மாதிரி. 1942 ஏப்ரலில் நகுமோவின் ஜப்பானியப் படை ஐந்து விமானந்தாங்கிகளோடு இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது. 5ஆம் தேதி கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் வேறொரு ஜப்பானியப் படையின் குண்டுகள் காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் விழுந்தன. சென்னை காலியாகத் தொடங்கியது. 8ஆம் தேதி ஜப்பானியர் நெருங்குவது தெரிந்ததும் திருகோணமலைத் துறைமுகக் கப்பல்களை இரவோடிரவாகத் தெற்கே அனுப்பிவைத்தார்கள்.

9ஆம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால், விமானங்களைக் கரையில் விட்டுவிட்டுப் போயிருந்த விமானந்தாங்கி ஹெர்மிஸ் முதலில் மூழ்கியது. 307 பேர் செத்தார்கள். பிறகு அதன் துணைக்கப்பல் வேம்பயர். அப்புறம் அதெல்ஸ்டேனும் அதற்குக் காவலாக வந்த ஹாலிஹாக்கும். பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற இன்னொரு எண்ணெய்க் கப்பலும் அன்றே போனது. இதில் ஒரு விசித்திரம். காவல் கப்பலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; காக்கப்பட வேண்டிய அதெல்ஸ்டேனிலிருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். சாவு இல்லாததால் அது போர்க் கதையாடலுக்கு உதவவில்லை. ஹெர்மிஸுக்குப் பின்னால், 'மேலும்' என்ற சொல்லுக்கு அடுத்து, பேர் மட்டும் வரும்.

போர்க்கப்பலை வீரமாகவும் எண்ணெய்க் கப்பலைச் சரக்காகவும் பிரித்துவைப்பது யாருக்கு வசதி? எண்ணெய் இல்லாவிட்டால் எந்தப் பீரங்கியும் துறைமுகத்தை விட்டு நகராது. இது தளபதிகளுக்குத் தெரியும். வரலாறு எழுதுகிறவர்கள்தான் மறந்துபோகிறார்கள். சரக்குக் கப்பலில் வேலை செய்தவன் சிப்பாயும் இல்லை, குடிமகனும் இல்லை. 1941 மே வரை, கப்பல் மூழ்கிய நாளோடு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் தொழிலாளியின் சம்பளமும் நின்றுபோகும். உயிர் பிழைத்துப் படகில் தத்தளிக்கிறவனுக்குக் கூலி கிடையாது! வெள்ளைத் தொழிலாளிக்கே இதுதான் கதி. 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இந்தியக் கடலோடிக்குப் போர் தொடங்கியபோது அவன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1939இல் லஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு கேட்டார்கள். பலரைச் சிறையில் போட்டார்கள். அந்தப் போரில் இறந்த இந்திய வணிகக் கடலோடிகள் 6,000 பேருக்கு மேல். லண்டன் டவர் ஹில்லில் வணிகக் கப்பல்காரர்களின் பேர்களைப் பொறித்து நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். நம்மாட்களின் பேர்கள் ஒரு ஏட்டில் இருக்கின்றன. பம்பாயில் ஒரு பிரதி, சிட்டகாங்கில் ஒரு பிரதி. ஏட்டை யாராவது திறந்தால்தான் பேர் தெரியும்.

அதே ஏப்ரல் 9 காலையில் திருகோணமலை சீனன்குடாவிலிருந்த எண்ணெய்த் தொட்டி ஒன்றின்மீது ஜப்பானிய விமானம் மோதியது. தொட்டி நாள்கணக்கில் எரிந்தது. கடற்படைக்காகப் பிரிட்டிஷார் கட்டிய அந்தத் தொட்டிகளில் 99 இன்னும் நிற்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. கப்பலைப் பற்றி அரை வரி எழுதியவர்கள் தொட்டிகளை மட்டும் ஒன்றுவிடாமல் எண்ணிவைத்திருக்கிறார்கள்.