கையைப் பிடித்த சட்டம்

வாகனம் ஓட்டுகையில் கைத்தொலைபேசியைத் தடைசெய்ய வேண்டும் என்பதில் பிரித்தானியாவில் பெரும் பிணக்கு இருக்கவில்லை. எதைத் தடைசெய்வது என்பதில்தான் சட்டம் இடறியது.

ரொறன்ரோவில் விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ரெடல்மயர், திப்ஷிரானி என்னும் ஆய்வாளர் இருவர் ஆராய்ந்து, 1997இல் முடிவை வெளியிட்டனர். பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் ஏந்தாது பேசும் கருவியும் அதைக் குறைத்ததாகத் தெரியவில்லை. சிதறியது கவனமே என்பது இதன் பொருள்.

ஆயினும், 2003 டிசெம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த பிரித்தானியத் தடை, கையில் பிடிப்பதையே குற்றமாக்கியது. காதோடு ஒட்டிய தொலைபேசி பொலிஸாரின் கண்ணுக்குத் தெரியும். மனம் அலைவதை எவர் காண்பார்? தண்டம் முதலில் 30 பவுண், 2017இல் 200.

வேடிக்கை பின்னர் வந்தது. வாகனம் ஓட்டியபடியே விபத்தொன்றைத் தொலைபேசியில் படம்பிடித்த ஒருவரின் விடுதலையை 2019இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. சட்டம் தடுத்தது தொடர்பாடலை. படம்பிடித்தல் அதில் அடங்காதாம்! அவ்வோட்டையை அடைக்க 2022 மார்ச் வரை சென்றது. கையில் ஏந்தாத பேச்சுக்கும் தடையை விரிக்குமாறு நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு 2019இல் வலியுறுத்தியபோது, அரசு இணங்கவில்லை.