பாவாவின் முற்றமும் எங்கள் பள்ளிவாசல் விறாந்தையும்

1344ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா இலங்கையில் வந்திறங்கிய ஊரை 'பத்தாலா' என்று குறிப்பிடுகிறார். அது நமது புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆரியச் சக்கரவர்த்தியின் அவ்வூரை மரமதிலும் மரக்கோபுரங்களும் சூழ்ந்திருந்தன என்றும் எழுதிவைத்தார். இங்கு வாழ்ந்தோருக்கு அது அன்றாடம் கண்ட மதில். பல ஊர் கண்டவருக்கோ அது ஒரு செய்தி.

சொந்த ஊரை இவ்வாறு பார்க்கும் கண் ஊரவனுக்கு எப்போது வாய்க்கிறது? பெரும்பாலும் வெளியே வாழ்ந்து திரும்பும்போதுதான். நம் நாட்டில் இதற்கு நல்ல சான்று கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா.

பாவா 1919இல் கொழும்பில் பிறந்தார். தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம், தாயார் பறங்கியர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் லண்டனில் சட்டமும் படித்தவருக்குச் சட்டத்தொழிலில் மனம் ஒட்டவில்லை. 1946இல் தாயார் காலமானபின் தூரகிழக்கு, அமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றினார். இத்தாலியில் குடியேறும் எண்ணமும் இருந்தது. அது கைகூடாமல் திரும்பியவர், 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கை என்ற பழைய இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதை இத்தாலியத் தோட்டம்போல் ஆக்க முனைந்தபோதுதான் தமக்குத் தொழிலறிவு போதாது என்பதை உணர்ந்தார். மறுபடி லண்டன் சென்று கற்று, 1957இல் கட்டடக்கலைஞரானபோது அவருக்கு வயது 38.

இவ்வளவு பார்த்தவர் ஐரோப்பிய வீடு ஒன்றையே இங்கு கொண்டுவந்து நட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1962இல் கொழும்பில் ஈனா த சில்வாவுக்காகக் கட்டி முடித்த வீட்டில் அறைகள் நடுமுற்றத்தைச் சூழ்ந்து நின்றன. ஓட்டுக்கூரை அகலமாக இறங்கி வெயிலையும் மழையையும் தடுத்தது. ஓட்டுக்கூரை ஒழுகும் என்ற குறைக்கும் அவரது கட்டடங்களில் வழி காணப்பட்டது: நெளிவான சீமெந்துத் தகடுகளை அடியில் பரப்பி, அதன்மேல் ஓடு பதித்தார்கள். பழைய உருவமும் புதிய பொருளும் ஒன்றுசேர்ந்தன. அந்நாளில் அவரோடு பணியாற்றிய டென்மார்க் நாட்டவர் உல்ரிக் பிளெஸ்னர், இந்நாட்டு இளைஞர் சிலருடன் சேர்ந்து நமது பழைய கட்டடங்களை அளந்து வரைந்தார். எங்கிருந்தோ வந்தவருக்கு அவற்றின் அருமை தெரிந்திருந்தது.

நமது கரையோரக் கிராமத்தவரும் பயணிகள்தாம். 1970களின் பிற்பகுதி தொட்டு வளைகுடாவுக்குப் போய்வருகிறார்கள். அந்த உழைப்பில் எழும் வீடுகளில் விறாந்தை இல்லை. மூடிய கண்ணாடி ஜன்னல் கச்சான் காற்றை வெளியே நிறுத்திவிடுகிறது. உள்ளே மின்விசிறி சுழல்கிறது. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. முகாமிலிருந்து வேலைத்தளத்துக்கும் அங்கிருந்து முகாமுக்கும் போனவர்களுக்கு துபாயின் பஸ்தகியாவை யார் காட்டினார்கள்? பாரசீகத்திலிருந்து வந்த வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறிய பகுதி அது. அங்குள்ள வீடுகளுக்கும் முற்றம் உண்டு. உயரே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் காற்றுக் கோபுரங்களும் உண்டு. அந்த வணிகர்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்தது வெறும் உருவத்தையன்று, வெக்கையைத் தணிக்கும் உபாயத்தை. பயணத்தில் கற்கவேண்டியது இதைத்தான்: எப்படி இருக்கிறது என்பதோடு, ஏன் அப்படி இருக்கிறது என்பதையும்.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் பழைய விறாந்தையை இடித்து, வளைகுடாவில் எடுத்த புகைப்படம் ஒன்றில் உள்ளதுபோல் முகப்புக் கட்டுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை என்பது மெய்தான். ஆனால் நோன்புக் கஞ்சிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும், லுஹர் தொழுதுவிட்டுச் சற்றே சாயும் பெரியவர்களும் அந்த விறாந்தையின் காற்றில்தான் இருக்கிறார்கள். அதனால் எனது வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்று தூண்களின் இடைவெளி, கூரையின் உயரம், காற்று வரும் திசை அனைத்தையும் அளந்து வரையச் செய்தேன்.

தோஹாவில் பல வருடம் மேசன் வேலை செய்தவர் ஒருவர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"சேர், இத இடிக்கத் தேவல்ல. பின்பக்கமா நீட்டினாப் போதும். காத்தும் மறையாது" என்றார்.

வெளிநாடு அவருக்குக் கொடுத்த கண் அது. இனி அதை நிர்வாக சபையிடம் சொல்லவேண்டியது எங்கள் பொறுப்பு.