புகையிலைக் கணக்கும் ஒரு விதவையின் கடிதமும்

அமெரிக்க சுதந்திரப் போரை நாங்கள் வகுப்பில் படித்தபோது அது தேயிலையில் தொடங்கித் தேயிலையிலேயே முடிந்தது. பொஸ்டன் துறைமுகத்தில் பெட்டிகளைக் கொட்டிய ஆண்டு 1773 என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். புகையிலையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. புகையிலைத் தோட்டங்களுக்கு ஊடாகப் பாடசாலைக்கு நடந்து வந்த எங்களுக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

1757 யூலையில் வேர்ஜீனியாவில் டானியல் பார்க் கஸ்டிஸ் என்னும் பெருந்தோட்டக்காரர் உயில் எழுதாமலே இறந்துபோனார். மனைவி மார்த்தாவுக்கு அப்போது 26 வயது. இரண்டு சிறு பிள்ளைகள். அவர் விட்டுச் சென்றவை 17,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும், அதில் வேலை செய்த ஏறத்தாழ 300 ஆபிரிக்க அடிமைகளும். அடுத்த மாதமே மார்த்தா லண்டனிலிருந்த றொபேட் கேரி கம்பனிக்குக் கடிதம் எழுதினார். அலுவல்களை இனித் தானே பார்க்கப் போவதாகவும், தன் புகையிலைக்கு நல்ல விலை எடுத்துத் தரும்படியும் கேட்டிருந்தார். செத்தவீட்டுத் துக்கம் ஆறுமுன் எழுதிய வியாபாரக் கடிதம் அது.

லண்டனுக்கு எழுதியதற்குக் காரணம் உண்டு. 1660ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேற்ற நாட்டுப் புகையிலையை நேரே பிற நாடுகளுக்கு அனுப்பக் கூடாது. இங்கிலாந்துக்கோ அதன் ஆட்சிக்குட்பட்ட இடங்களுக்கோதான் அனுப்பலாம். சுமார் 1,000 இறாத்தல் கொள்ளும் மரப்பீப்பாவில் இலையை அடைத்துக் கப்பலேற்றுவார்கள். லண்டன் முகவர் விற்று, தீர்வை, கப்பற்கூலி, தரகு எல்லாம் கழித்து, மிச்சத்துக்குத் துணியும் சப்பாத்தும் தளபாடமும் வாங்கி அனுப்புவார். என்ன விலைக்குப் போனது என்பது தோட்டக்காரருக்குத் தெரிய மாதக்கணக்காகும். அதற்குள் அடுத்த சாமான் பட்டியல் போய்விடும், கடன் ஏறிவிடும். திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பிப் புகையிலை செய்த எங்கள் பாட்டன்மாருக்கு இந்தத் தவிப்பை விளக்கத் தேவையில்லை.

1759இல் மார்த்தா மறுமணம் செய்தார். அக்காலச் சட்டப்படி கணக்கும் பேனாவும் புதுக் கணவரின் கைக்கு மாறின. அவர் பெயர் ஜோர்ஜ் வாஷிங்டன். அவருக்கும் அதே அனுபவந்தான். 1764 அளவில் கேரி கம்பனிக்கு அவர் தரவேண்டியிருந்தது ஏறத்தாழ 1,800 பவுண். விலை போதாது, அனுப்பும் சாமான் தரமில்லை என்று முறையிட்டுப் பார்த்தவர், பின்னர் மவுண்ட் வேர்ணனில் புகையிலையை விட்டுக் கோதுமைக்கு மாறினார். கோதுமைக்கு லண்டன் முகவரின் தயவு வேண்டியதில்லை.

இதற்கிடையில் மதகுருமாரின் சம்பள வழக்கு வந்தது. ஒரு குருவின் ஆண்டுச் சம்பளம் 16,000 இறாத்தல் புகையிலை. 1758இல் விளைச்சல் கெட்டு விலை ஏறியபோது, இறாத்தலுக்கு இரண்டு பென்ஸ் வீதம் காசாகக் கொடுக்கலாமென்று வேர்ஜீனியாச் சட்டசபை விதித்தது. மன்னர் அச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தார். ஜேம்ஸ் மோரி என்ற குரு நட்டஈடு கேட்டு வழக்காடினார். 1763இல் பற்றிக் ஹென்றி என்னும் இளம் சட்டத்தரணி மன்னரையே சாடி வாதாட, யூரிமார் குருவுக்குக் கொடுத்த நட்டஈடு ஒரேயொரு பென்னி!

1772இல் ஸ்கொட்லாந்தில் ஒரு வங்கி முறிந்து, கிளாஸ்கோ, லண்டன் வியாபாரிகள் கடனை நெருக்கிக் கேட்கத் தொடங்கினர். வரியோடு கடனும் சேர்ந்து கொதித்தது. 1774இல் வேர்ஜீனியாவில் கடன் வழக்குகள் நின்றுபோயின. அவ்வாண்டு வெளிவந்த தோமஸ் ஜெபர்சனின் சிறுநூல், மிஞ்சிய புகையிலையை வேறெங்கும் விற்க விடாததையும் குறைகளில் ஒன்றாகச் சொன்னது. அதை அச்சிட்டவர் கிளெமென்டினா றின்ட். கணவர் இறந்தபின் வில்லியம்ஸ்பேர்க்கில் பத்திரிகையையும் அச்சகத்தையும் நடத்தி, சட்டசபையின் அச்சாளராகவும் தெரிவான பெண். எங்கள் பாடப்புத்தகத்தில் ஜெபர்சன் இருந்தார், அவர் இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி, லண்டன் வியாபாரி ஜோன் நோர்ட்டனின் ‘வேர்ஜீனியா’ என்ற கப்பல் யோர்க்டவுனில் நின்றது. அதிலிருந்த தேயிலையை ஆற்றில் கொட்டினார்கள். அதைவிடப் பெரிய தண்டனை பிறகு வந்தது: அந்தக் கப்பலில் எவரும் புகையிலை ஏற்றக் கூடாதென்று குளொஸ்டர் பகுதிக் குழு தீர்மானித்தது. 1775 செப்டெம்பரில் பிரித்தானியாவுக்கான ஏற்றுமதி முழுவதுமே நிறுத்தப்பட்டது.

நாற்று மேடை போட்டதும், கன்று நட்டதும், தலைப்பு முறித்ததும், இலை உணர்த்தியதும் தோட்டக்காரரல்லர், அந்த அடிமைகள்தான். அவர்களுடைய கணக்கு எப்படித் தீர்ந்தது என்று பார்த்தோம். போருக்கு முந்திய கடன்களுக்காக 1802இல் அமெரிக்க அரசு பிரித்தானியாவுக்கு 600,000 பவுண் கொடுக்க உடன்பட்டது. அதே ஆண்டு மே மாதம் மார்த்தா இறந்தார். வாஷிங்டன் தன் சொந்த அடிமைகளை விடுவிக்கும்படி உயில் எழுதியிருந்தார். கஸ்டிஸ் சொத்தில் விதவைப் பங்காக வந்தவர்களை விடுவிக்க அவருக்கு உரிமை இருக்கவில்லை. 1799ஆம் ஆண்டுப் பட்டியலின்படி அவர்கள் 153 பேர். மார்த்தாவின் நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் அவர்களைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.