வரிசையில் நின்ற கிராமம்

அயர்லாந்தின் கூட்டுறவு கிரீமரி பிறந்த ஆண்டு 1889; பிறந்த ஊர் லிமரிக் மாவட்டத்து ட்ரம்காலஹர். காலமான தேதியை அப்படி ஒரே வரியில் சொல்ல முடியாது. 1970-களிலும் 80-களிலும் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு நாளில் கதவு சாத்தப்பட்டது.

கிரீமரி என்றதும் பெரிய பால் தொழிற்சாலையை நினைத்துவிட வேண்டாம். சாலையோரத்தில் ஒரு கட்டடம், ஒரு புகைபோக்கி, வண்டித்தட்டின் உயரத்துக்கு ஒரு மேடை. உள்ளே பாலைச் சுழற்றிக் கொழுப்பைப் பிரிக்கும் இயந்திரம். அவ்வளவுதான். சுற்றியிருந்த பண்ணைக்காரர்கள், நாலு மாடு வைத்திருந்தவர் உட்பட, அதன் பங்குதாரர்கள்.

காலையில் கறந்த பாலும், முந்தின மாலை கறந்து தண்ணீரில் இறக்கிக் குளிரவைத்த பாலும் கேன்களில் வரும். முதலில் கழுதை வண்டியும் குதிரை வண்டியும், பின்னாளில் டிராக்டர். மேடையில் கேன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். கோடையில் அந்த நொடி பொல்லாதது. புளிப்பு வாடை அடித்தால், வரிசையில் நிற்கும் அத்தனை பேர் பார்க்க, கேன் வீட்டுக்குத் திரும்பும். தேறிய பாலை எடைத்தொட்டியில் கொட்டுவார்கள். எடை புத்தகத்தில் ஏறும். ஒரு கரண்டிப் பால் மாதிரி சீசாவுக்குப் போகும். அதில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்துத்தான் மாதாந்தர செக். அப்புறம் வண்டியை அடுத்த பக்கம் ஓட்டிப் போய், கொழுப்பெடுத்த பாலை அதே கேனில் பிடித்துக்கொள்ள வேண்டும். கன்றுக்கும் பன்றிக்கும் அது தீனி. உரம், தீவனம், ரப்பர் பூட்ஸ் எல்லாம் கிரீமரிக் கடையிலேயே கிடைக்கும். விலையைச் செக்கில் கழித்துக்கொள்வார்கள்.

வேலை சில நிமிஷங்களில் முடிந்துவிடும். அதற்காக நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டும். மே, ஜூனில் புல் செழித்துப் பால் பெருகும்போது வண்டிகள் சாலை வளைவையும் தாண்டி நிற்கும். நான் இங்கே இரங்குவது அந்தக் காத்திருப்புக்காக.

காரணம் இருக்கிறது. ஐரிஷ் கிராமத்தில் வீடுகள் ஒரே தெருவில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஊர் என்பது ஒரு தேவாலயம், பள்ளி, அஞ்சலகம், ஒன்றிரண்டு மதுக்கடை. மக்கள் இருப்பதோ வயல்களுக்கு நடுவே, தனித்தனி வீடுகளில். பூசைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். கோடைமுழுக்க அநேகமாகத் தினமும் ஊருக்குள் வரவேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்தியது பால்தான். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஐரோப்பாவிலேயே கல்யாணம் மிகக் குறைவாக நடந்த நாடுகளில் ஒன்று அயர்லாந்து. அண்ணன் தம்பிகள் கப்பலேறிய பிறகு, நிலத்தைக் காத்துக்கொண்டு தனியே கிழவனானவர்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட ஒருவருக்கு அன்றைய தினம் வாய்திறந்து பேசக் கிடைத்த இடம் கிரீமரி வரிசையாக இருந்திருக்கும். வைக்கோல் காய்ந்ததா, யார் வீட்டுச் சாவு, ஞாயிற்றுக்கிழமை ஹர்லிங் ஆட்டத்தில் யார் சொதப்பினார்கள், எந்த நிலம் விலைக்கு வருகிறது. ஒருவர் இரண்டு நாள் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் யாரும் திட்டமிடவில்லை. கூட்டுறவு இயக்கத்தைத் தொடங்கிய ஹோரஸ் பிளங்கெட்டின் முதல் கவலை வெண்ணெய். டன்சனி பிரபுவின் மகன், புராட்டஸ்டண்ட், பிரிட்டனோடு சேர்ந்திருப்பதே நல்லது என்ற கட்சிக்காரர். அமெரிக்காவின் வயோமிங்கில் பத்தாண்டு மாட்டுப்பண்ணை நடத்திவிட்டுத் திரும்பியவர். டென்மார்க்கின் கூட்டுறவு வெண்ணெய் பிரிட்டிஷ் சந்தையில் ஐரிஷ் வெண்ணெயைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. கத்தோலிக்க விவசாயிகளிடம் இந்தப் பிரபு வீட்டுப் பிள்ளை போய்க் கூட்டுறவு பேசினால் யார் நம்புவார்கள்? ஏறக்குறைய ஐம்பது கூட்டங்கள் பேசிய பிறகே முதல் சங்கம் அமைந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ரத்கீல் ஊரில் ஒரு வக்கீல் எழுந்து, இங்கே எடுக்கும் வெண்ணெய் ஒவ்வொரு பவுண்டும் தேசியக் கொள்கைப்படி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வெண்ணெயே வேண்டாம் என்று முழங்கினாராம். கூட்டம் அதோடு முடிந்தது. ஆனாலும் 1914 வாக்கில் நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் ஆயிரத்தை நெருங்கிவிட்டன. அந்த இயக்கத்தின் வார இதழ் ‘ஐரிஷ் ஹோம்ஸ்டெட்’. 1904-ல் ஜேம்ஸ் ஜாய்ஸின் முதல் சிறுகதைகள் வெளிவந்தது அதில்தான், மாடு, வெண்ணெய் விவகாரங்களுக்கு நடுவே!

வெண்ணெய் கொள்கையோடு வந்த காலமும் உண்டு. 1920 மே மாதம் நாக்லாங் கிராமத்துத் தனியார் கிரீமரியைத் தொழிலாளர்கள் கைப்பற்றி, சோவியத் என்று பெயர் சூட்டி, நாங்கள் எடுப்பது வெண்ணெய், லாபமில்லை என்று பலகை மாட்டினார்கள். அதே ஆண்டு, ஐரிஷ் விடுதலைப் போரின் நடுவே, பிரிட்டிஷ் படைகள் பழிவாங்கக் கிளம்பியபோது கிரீமரிகளைத் தேடித்தேடிக் கொளுத்தின. ஸ்லைகோ மாவட்டத்து டபர்கரியில் எரிந்தது அப்படி ஒன்று. ஓர் ஊரின் வயிற்றில் அடிக்க எந்தக் கட்டடத்தைக் கொளுத்த வேண்டும் என்று படைக்குத் தெரிந்திருக்கிறது. 1923-ல், சுதந்திரம் வந்தபிறகு, பிளங்கெட்டின் சொந்த வீட்டையும் கொளுத்தினார்கள், இம்முறை ஐரிஷ்காரர்களே. அவர் இங்கிலாந்துக்குப் போய் 1932-ல் இறந்தார்.

இறந்தவரைப் புகழ்ந்துகொண்டே போவது மரபு. ஆனால் கிரீமரி தானும் ஒன்றைத் தீர்த்துக்கட்டித்தான் பிழைத்தது. அதற்கு முன்பு பண்ணை வீட்டில் வெண்ணெய் கடைந்தது பெண்கள். ஆடை எடுப்பது, மரத் தாழியில் கடைவது, கழுவி உப்புச் சேர்ப்பது எல்லாம் அவர்கள் கை. விற்ற காசில் அவர்களுக்கும் ஒரு பிடி இருந்தது. கிரீமரி வந்ததும் பால் வண்டியேறிப் போனது. செக் புருஷன் பெயரில் வந்தது. கை வலி குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் நாம் மெச்சும் அந்த வரிசையில் நின்று பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

1946-ல் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டம் தொடங்கியது. கம்பி வந்த வீட்டுக்குக் கறவை இயந்திரம் வந்தது, பின்னால் குளிர்தொட்டி. 1973-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததும் பெரிய அளவில் பால் வேண்டியிருந்தது. குளிரூட்டிய டேங்கர் லாரி பண்ணை வாசலுக்கே வந்து குழாயை மாட்டி உறிஞ்சிக்கொண்டு போயிற்று. தொட்டி வாங்கியவர் வரிசையைவிட்டு விலகினார். வாங்க வக்கில்லாதவர் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, மாட்டை விற்றார். 1984-ல் பால் ஒதுக்கீட்டு வரம்பு வந்தது. சிறுபண்ணை பெருகும் வழியும் அடைபட்டது. கேன் கொண்டுவருவோர் ஐந்தாறு பேராகச் சுருங்கிய பிறகு கட்டடத்தை நடத்துவதில் கணக்கு உதைத்தது. பால் நன்றாகவே இருக்கிறது: கேன் காலத்தைவிடச் சுத்தம், புளிப்பதில்லை, முதுகு ஒடியத் தூக்கவேண்டியதில்லை.

கிராமத்து அஞ்சலகங்கள் மூடப்பட்டபோது மக்கள் கூட்டம் போட்டு அரசைத் திட்டினார்கள். 2018-ல் ஏறக்குறைய 160 அஞ்சலகங்களை மூட முடிவானபோதும் அதே கோபம். கிரீமரி விஷயத்தில் யாரைத் திட்டுவது? கெர்ரி மாவட்டத்தில் 1974-ல் பெரிய கூட்டுறவு ஒன்று உருவானது. பன்னிரண்டு ஆண்டில் அதன் தொழில் பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனியாயிற்று. நாடெங்கும் சின்னச் சங்கங்கள் இப்படிப் பெரியவற்றோடு இணைந்தன. இணைப்பு வேண்டுமா என்று கேட்டது உறுப்பினர்களைத்தான். வரிசையில் நின்றவர்களே கையைத் தூக்கினார்கள். லிட்டருக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது, பல இடங்களில் கிடைக்கவும் செய்தது.