காஞ்சியின் பாடிகள்: ஓர் இரங்கல்

காஞ்சிபுரத்தில் ஒரு காலத்தில் 'பாடி' என்று முடியும் குடியிருப்புகள் இருந்தன. கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி என்ற மூன்றின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் நான்காவது, எற்றுவழிச்சேரி. நான்கிலும் நெசவாளர்கள் வாழ்ந்தார்கள். இன்று இந்தப் பெயர்களில் ஒன்றைச் சொல்லி ஆட்டோவில் ஏறினால் வண்டி நகராது. பல தலைமுறையாகத் தறி ஓடும் வீட்டில் போய்க் கேட்டாலும் பதில் வராது. அவை மறைந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. இரங்கல் எழுத நான் தாமதமாகத்தான் வந்திருக்கிறேன், ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நான்கு பெயர்களும் பிழைத்திருப்பது செப்பேட்டில். உத்தம சோழனின் 16ஆம் ஆட்சியாண்டில், பத்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுதப்பட்ட அந்த ஏடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரசன் காஞ்சி அரண்மனையின் சித்திர மண்டபத்தில் இருந்தபோது ஊரகத்துப் பெருமாள் கோயிலின் வருவாய் பற்றிய பேச்சு எழுகிறது. ஊரகம் என்பது இன்று உலகளந்த பெருமாள் கோயில். நகரில் பொருளை நிறுப்பதற்கும் அளப்பதற்கும் வாங்கிய கூலி, பொன்முதலின் மேல் வரும் வட்டி எல்லாம் அந்தக் கோயிலைச் சேர வேண்டியவை. அவற்றை யார் கவனிப்பது? அந்தப் பொறுப்பு, அரசனுக்கு ஆடை நெய்த பட்டசாலிகள் வாழ்ந்த இந்த நான்கு குடியிருப்புகளின் பக்கம் போகிறது. ஆண்டுத் திருவிழா முடிந்தவுடன் கணக்கைப் பார்க்க வேண்டும், பார்ப்போரில் நெசவாளரும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பட்டசாலி என்றதும் இன்றைய காஞ்சிப் பட்டை அங்கே கொண்டுபோய்ப் பொருத்த நமக்குக் கை துறுதுறுக்கும். அந்த அவசரம் வேண்டாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கஞ்சகப்பாடி என்பது கடிதம் வந்து சேர்வதற்கான வெறும் முகவரி இல்லை. அதற்குக் கடமை இருந்தது, வரிச்சலுகை இருந்தது, கோயில் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லும் உரிமை இருந்தது. ஒரு தெருவே ஆளாக நின்று பேசிய காலம் அது. பெயரின் கடைசியில் இருந்த 'பாடி' அந்த ஆளைக் குறித்தது. இன்றைய 'தெரு' நம்மிடம் வீட்டு எண்ணையும் பின்கோடையும் மட்டுமே கேட்கிறது.

பாடி ஊர்ப்பெயர்களில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வாணியம்பாடி உண்டு, தரங்கம்பாடி உண்டு, சென்னையில் பாடி என்றே ஒரு பகுதி உண்டு. ஒரு நகரத்துக்குள் இருக்கும் தொழிற்குடியிருப்பின் பெயர் என்ற நிலையில்தான் காஞ்சியில் அது இறந்தது.

சேரியின் கதை இதைவிடத் துயரமானது, ஏனென்றால் அது சாகவில்லை. காஞ்சிக்குத் தெற்கே இருக்கும் உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் போனவை. அந்தப் பிராமண ஊர் 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. அங்கே சேரி என்றால் ஊரின் ஒரு பகுதி, அவ்வளவுதான். காஞ்சி நெசவாளரின் எற்றுவழிச்சேரியிலும் அதே பொருள். ஆனால் ஒரு தலைமுறைக்குள், ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், கம்மாணச்சேரியும் கோயில் பெண்கள் நானூறு பேர் குடியேறிய தளிச்சேரியும் இருக்கும் அதே சுவர்களில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வந்துவிடுகின்றன. பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பின்னொட்டைக் கழற்றிவிட்டு நகர்ந்தார்கள். கடைசியில் அதைக் கழற்ற முடியாதவர்கள் மேல் அது வசையாக ஒட்டிக்கொண்டது. எற்றுவழிச்சேரிக்காக வருந்தும் எவரும் இதை மறைத்துப் பேசக் கூடாது. பழைய தெருக்களின் பெருமையில் பாதி, அந்தத் தெருக்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குச் சிறுமையாக இருந்தது.

நிலத்தின் எல்லை சொல்லும் கல்வெட்டுகளில் இன்னும் ஒரு வகைப் பாதை வரும்: வதி. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று வயலின் முகவரி ஒரு கட்டத்தில் வந்து நிற்கும். பிரமதேய ஊர்களில் வதிக்கு அரசன் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ வைத்தார்கள். வதியும் போயிற்று. சங்கப் பாட்டில் தெருவைக் குறித்த ஞெள்ளல் என்ற சொல் அதற்கும் முன்னால் போனது. புறநானூற்றில் தேர் ஓடிக் குழிந்த ஞெள்ளலைக் காணலாம். பெரும்பாணாற்றுப்படையின் காஞ்சியிலும் தேர்கள் தெருவைக் குழித்துக்கொண்டுதான் ஓடுகின்றன, ஆனால் அங்கே சொல் இன்றைக்கும் நாம் சொல்லும் தெருதான்.

நெசவாளருக்கென்றே ஒரு தெருவகை இருந்தது. சேலத்துப் பக்கமும் கொங்கு நாட்டிலும் அதற்குப் பாவடி என்று பெயர். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத்தொகுதி. அதை நீளமாக விரித்துக் கட்டிக் கஞ்சி தோய்த்து, இழையைப் பிரித்து, வெயில் ஏறும் முன் காயவைக்கும் பொது இடம் அது. பாவு பல புடவைக்கான நீளம் வரும், வீட்டுக்குள் விரிக்க முடியாது. அதனால் நெசவாளர் தெருவின் நீளமும் அகலமும் பாவுக்காக அமைந்தவை. தேர் ஓடக் கோயில் எடுத்துக்கொண்ட அகலம் மாட வீதி என்றால், பாவு ஓடத் தொழில் எடுத்துக்கொண்ட அகலம் பாவடி. காஞ்சியில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்கள் விடிகாலையில் இந்த வேலையைத்தான் செய்துவந்தன. வண்ணப் பட்டுப் பாவு தெருவின் நடுவே நீண்டு கிடக்கும், இரு பக்கமும் ஆட்கள் நின்று அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பார்கள், சைக்கிளில் வருகிறவர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். மோட்டார் சைக்கிள் வந்தது, கார் நிற்க இடம் கேட்டது, நெசவும் குறைந்தது. பாவு விரிக்கும் காட்சி அருகிக்கொண்டே போகிறது. அது முழுதாக நின்றுவிட்டால் அந்தத் தெரு எதற்காக அவ்வளவு அகலம் என்று சொல்ல ஆள் இருக்காது.

பத்தாம் நூற்றாண்டின் தெருப்பெயர் இத்தனை காலம் நிற்குமா என்று கேட்கலாம். நின்ற ஊர்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் யார்க் நகரில் ஸ்டோன்கேட், காப்பர்கேட் என்று தெருக்கள் உண்டு. அந்த 'கேட்' வாசலைக் குறிப்பதில்லை. அங்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர் மொழியில் தெருவுக்கான சொல் அது. காப்பர்கேட் என்றால் கிண்ணம் கடைபவர்களின் தெரு. 1970களில் அங்கே தோண்டியபோது மரம் கடைந்த பட்டறைகளின் மிச்சங்களே கிடைத்தன. ஏறத்தாழ நம் செப்பேட்டின் காலத்துத் தெரு. கடைசல்காரர்கள் போனார்கள், மொழியே மாறியது, பலகையில் பின்னொட்டு மட்டும் நிற்கிறது. அவ்வளவு தொலைவு போவானேன்? யாழ்ப்பாணத்தில் இன்றும் குறுகிய பாதைக்கு ஒழுங்கை என்றே பெயர்ப்பலகை வைக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் அந்தச் சொல்லை அகராதியில் தேடுவதில்லை, அதில் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள்.

காஞ்சியில் எல்லாம் செத்துப்போகவில்லை. நான்கு ராஜ வீதிகள் இருக்கின்றன. சந்நிதித் தெருக்களும் மாட வீதிகளும் இருக்கின்றன. பஞ்சுப்பேட்டையும் நெல்லுக்காரத் தெருவும் தம் தொழிலைப் பெயரில் சுமக்கின்றன. செங்கழுநீரோடை வீதி ஓடையும் வீதியுமாக ஒரே பெயரில் நிற்கிறது. சங்கர மடம் இருக்கும் சாலைத் தெருவை வெளியூர்க்காரர் இரட்டிப்பாகச் சொன்ன பெயர் என்று எண்ணுவார். பழைய தமிழில் சாலை என்றால் அறச்சாலை போன்ற கூடத்தையும் குறிக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தப் பெயர் வேறு மாதிரி ஒலிக்கும். ஊரகத்தோடு சேர்த்துப் பாடப்பட்ட நீரகமும் காரகமும் கார்வானமும் இன்று தனி இடங்களாக இல்லை. உலகளந்த பெருமாள் கோயிலின் மதிலுக்குள் சந்நிதிகளாக இருக்கின்றன. பெருமாளுக்காவது இடம் கிடைத்தது.

புதிதாக முளைப்பவை நகர், அவென்யூ, என்கிளேவ், எக்ஸ்டென்ஷன். மனை விற்றவரின் விளம்பரத்தாளில் இருந்து நேராகப் பலகைக்கு வந்த பெயர்கள் இவை. எந்த ஊரிலும் பொருந்தும், அதனால் எந்த ஊரையும் சொல்லாது. 2021இல் காஞ்சிபுரம் மாநகராட்சி ஆன பிறகு சுற்றுப்புறங்களில் இவை இன்னும் பெருகும்.

அரசின் கையாலும் பின்னொட்டுகள் விழுந்திருக்கின்றன. 1978இல் தெருப்பெயர்களில் இருந்து சாதிப் பெயரை நீக்க ஆணை வந்தது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து எடுப்பதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது இழிவின் குறியாக மாறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அதே ஆண்டு அக்டோபரில் தெரு, குளம், குடியிருப்பு ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்ற இன்னொரு ஆணை. இவற்றுக்காக நான் வருந்தவில்லை. ஒருவரைச் சிறுமைப்படுத்தும் பெயர் எத்தனை பழையதானாலும் போகட்டும். என் கவலையெல்லாம் காலியாகும் பலகையில் என்ன எழுதுவார்கள் என்பதுதான். தலைவர் பெயர், பூவின் பெயர், இரண்டும் தோன்றாவிட்டால் முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எழுதி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

காஞ்சிபுரம் மாநகராட்சியின் மேயருக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதுப் பெயர் தேட வேண்டி வந்தால் செப்பேட்டைத் திறந்து பாருங்கள். கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி மூன்றும் சாதியைச் சொல்லாத பெயர்கள், இந்த நகரத்துக்கே உரியவை. பிள்ளையார்பாளையத்தில் மூன்று தெருக்களுக்கு அவற்றைச் சூட்டுங்கள். அந்த நெசவாளர்கள் கணக்குப் பார்த்த உலகளந்த பெருமாள் கோயிலின் வாசலில் எற்றுவழிச்சேரி உட்பட நான்கு பெயர்களையும் கல்லில் வெட்டி வையுங்கள்.