பின்னால் நின்ற இருவர்

நகைச்சுவை ஜோடி என்றால் மேல்நாட்டார் லாரல் - ஹார்டி என்பார்கள். காவேரிப்பட்டினத்தில் என் வயதுக்காரர்களைக் கேட்டால், கலைவாணர் - மதுரம் என்போம். அந்த ஜோடி சேர்ந்ததே ஒரு பயணத்தில்தான். 1936இல் வந்த 'வசந்தசேனா' படத்துக்காகப் புனா போனபோதுதான் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் அறிமுகமானார்கள். பிறகு வாழ்க்கையிலும் ஜோடியானார்கள்.

அதே காலத்தில் தனியாளாக உலகம் சுற்றியவர் கோட்டையூர் ஏ.கே. செட்டியார். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகையில், காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. நாடு நாடாக அலைந்து துண்டுப் படங்களைச் சேர்த்து, 1940இல் வெளியிட்டார். பயண நூல்கள் பல எழுதியவர், தம்மைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

மதுரமும் அப்படித்தான். 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதானார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல்தான் விடுதலை. அதுவரை சகஸ்ரநாமம் துணையோடு நாடகக் குழுவைக் கலையவிடாமல் காத்தவர் மதுரம்.

கலைவாணரை நினைக்கும்போதெல்லாம் அந்த அம்மாளையும் சேர்த்தே நினைப்போம். ஜோடி என்றால் இரண்டு பேர் அல்லவா?