ஏலம் என்னும் சொல்லும் நாகரிகப் பூசலும்

போடிநாயக்கனூர் வணிகர் நாவில் வழங்கும் 'ஏலக்காய் ஏலம்' என்னும் தொடரில் ஏலம் இரண்டு உள. முன்னது மலையில் விளையும் நறுமணப் பொருளின் பழம்பெயர். பின்னது போட்டியிட்டு விலைகூறும் விற்பனை முறை. போர்த்துக்கீசிய மொழியினின்று தமிழில் புகுந்த சொல். அப்போர்த்துக்கீசியச் சொல்லும் அரபு மூலத்தினின்று பிறந்தது என்பர் மொழிநூலார். கடலில் ஒருவரையொருவர் கொன்று குவித்த இரு சாராரின் மொழிகள் ஒரே சொல்லில் இயைந்து இம்மலையடிவாரச் சந்தையை வந்தடைந்தமை எண்ணத்தக்கது.

பனிப்போருக்குப் பின்னர் உலகப் பூசல்கள் முதன்மையாகக் கொள்கை பற்றியோ பொருள் பற்றியோ எழா. நாகரிகங்களின் எல்லைகளிலேயே மூளும் என அமெரிக்க அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் 1993இல் ஒரு கட்டுரையிலும் 1996இல் ஒரு நூலிலும் வாதிட்டார். மேலை நாகரிகத்திற்கும் இசுலாமிய நாகரிகத்திற்கும் இடையே 1300 ஆண்டுகளாகப் பூசல் நிகழ்கிறது என்றும் அவர் கூறுதலின், அக்கொள்கையைப் பழைய செய்திகளைக் கொண்டு அளந்தறிதல் முறையேயாம்.

1498இல் வாஸ்கோ ட காமாவின் கலங்கள் கோழிக்கோட்டை அடைந்தன. கரையிறங்கிய முதல் ஆளை எதிர்கொண்டு, அவனுக்கு விளங்கும் காஸ்டிலிய மொழியில் பேசியவர் துனீசு நாட்டு முசுலிம் வணிகர் இருவராவர். 1502இலோ அதே காமா, மக்காவினின்று மீண்ட பயணிகள் நிறைந்த கலமொன்றைத் தீக்கிரையாக்கினான். இக்கொடுமையை வாணிகப் போட்டி என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. அதில் சமயப் பகை இருந்தது. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு இழுக்காகும்.

ஆயின் பகை இருந்தது என்பது வேறு. அணிகள் பகையின்வழியே பிரிந்தன என்பது வேறு. ஹண்டிங்டன் கொள்கை தளர்வது இவ்விடத்தேதான். 1509இல் டையூவில் நிகழ்ந்த கடற்போரில் எகிப்தின் மம்லூக் சுல்தான் படையோடு குசராத்துச் சுல்தானின் கலங்களும் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கலங்களும் நின்றன. சாமூதிரி இந்து மன்னர். மம்லூக்குகளை இப்போருக்குத் தூண்டியதோ, மிளகு வருவாய் தன் கைவிட்டுப் போவதைப் பொறாத கிறித்தவ நகரமாகிய வெனிசு. சாமூதிரிக்குப் பகைவரான கொச்சி மன்னர் போர்த்துக்கீசியருக்குத் துணையாயினார்.

பொன்னானி அறிஞர் சைனுத்தீன் மக்தூம் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபு மொழியில் இயற்றிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' போர்த்துக்கீசியரை எதிர்க்கும் போரைச் சமயக் கடமையாகவே கூறுகின்றது. அந்நூலே இந்து மன்னராகிய சாமூதிரியை முசுலிம்களின் காவலராகப் போற்றுகின்றது. இம்முரணை ஆசிரியர் முரணாகவே கருதவில்லை என்பது நோக்கற்பாலது.

இவ்வுறவும் நிலைத்ததன்று. சாமூதிரியின் கடற்படைத் தலைவராய் நெடுங்காலம் விளங்கிய குஞ்ஞாலி மரைக்காயர் குடியில் நான்காமவர் தம்மைத் தனியரசர்போல் உயர்த்திக் கொள்ளவே, சாமூதிரி போர்த்துக்கீசியரோடு சேர்ந்து அவரை முற்றுகையிட்டார். 1600இல் குஞ்ஞாலி சரணடைந்தார், கோவாவில் கொல்லப்பட்டார். பிறன் யார், தமர் யார் என்பதை ஆதிக்கமும் வருவாயுமே வரையறுத்தன. சமயம் அவற்றுக்குச் சினத்தையும் சொல்லையும் தந்தது.

இனி, மலைப்பக்கம் வருவோம். சிலமலை முதலிய அடிவாரத்து ஊர்களுக்கு மேலே உயரும் மலைத்தொடரில் போடிமெட்டைக் கடந்தால் கேரளம். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் பலர் வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தின்பாற் பட்டன. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாற்று அணை பற்றிய பூசல் முற்றியபோது, தமிழ்த் தொழிலாளர் பலர் அச்சத்தால் ஏலத்தோட்டங்களை விட்டு மலையிறங்கினர். ஹண்டிங்டன் வகுத்த நிலப்படத்தில் இவ்விரு மாநிலங்களும் ஒரே நாகரிகத்தைச் சார்ந்தவை. அவர் கோடு கிழித்த இடம் வேறு. கலகம் மூண்ட இடம் வேறு.

அதே மலையின் காயோ அரபு நாடுகளில் விருந்தினர்க்கு அளிக்கும் காப்பியில் மணக்கின்றது. சென்ற நூற்றாண்டில் அச்சந்தையில் இந்திய ஏலத்தைப் பின்தள்ளியது நடு அமெரிக்காவின் குவாதமாலா. கிறித்தவர் மிக்க நாடு. வாங்குவோர் கேட்டது விலையையே. விளைந்த மண்ணின் சமயத்தை அன்று. போடியில் ஏலம் இன்று மின்னணு முறையில் நடைபெறுகின்றது; குவாதமாலாவின் விளைச்சல் மிக்க ஆண்டில் இங்குக் கூறப்படும் விலையும் தளர்கின்றது.